கையில் எடுத்தால் நகரும் பச்சை

கம்பெனியில் அவளுக்குக் கோட்டக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கோடு என்றால் அளவுகோல் வைத்துப் போடுகிற கோடு அல்ல, வெளிச்சத்துக்குள் இருக்கிற கோடு. பாதரச விளக்கின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அது வானவில் மாதிரி ஒன்றோடொன்று கலந்து வராது. இருட்டுக்கு நடுவே தனித்தனிக் கோடுகளாக நிற்கும். ஊதாவில், நீலத்தில், ஒட்டிப் பிறந்ததுபோல மஞ்சளில் இரண்டு, இவற்றுக்கு நடுவே ஒரு பச்சை. அந்தப் பச்சையின் அலைநீளம் ஐந்நூற்று நாற்பத்தாறு, புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் ஏழு. நானோமீட்டர் என்ற வால் தாளில் எழுதும்போது மட்டும் வரும். வாயால் யாரும் சொல்வதில்லை.

கம்பெனி செய்து விற்பது கையில் எடுத்துப்போகிற நிறமாலைமானி. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மருந்துக் கிடங்கிலும் கல் வியாபாரிகளிடமும் அதை வாங்குவார்கள். எதன்மேல் காட்டினாலும் அதிலிருந்து வருகிற ஒளி எந்த அலைநீளம் என்று எண்ணாகச் சொல்லும். சொல்வது சரியா என்று பார்த்து அனுப்புவதுதான் கோட்டக்காவின் வேலை. விளக்குப் பெட்டியின் துளைக்கு நேரே மானியைக் காட்டி, பச்சை தன் எண்ணில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றால், "உட்கார்ந்துடுச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் மானி பேக்கிங்குக்குப் போகும்.

இதற்கு முன்பு ஒரு தையல் ஆலையில் நூல் நிறம் பொருத்துகிற வேலை. அங்கே தினமும் சண்டை. அவள் நீலம் என்பாள், கட்டிங் மாஸ்டர் அது கருநீலம் என்பார், துணி வாங்க வந்தவர் இரண்டும் இல்லை, மயில் கழுத்து என்பார். கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்ன நிறம். இந்தக் கம்பெனிக்கு லென்ஸ் துடைக்க வந்தவள், முதல்முறை பச்சைக் கோட்டைப் பார்த்தபோது அதன் அழகைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. இதோடு யாரும் வாக்குவாதம் பண்ண முடியாது என்றுதான் நினைத்தாள். அந்த நிம்மதிக்காகவே பரீட்சை எழுதி, பயிற்சி எடுத்து, துடைக்கிற மேசையிலிருந்து சோதனை மேசைக்கு வந்தாள். வீட்டில் கணவர், அவருடைய அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு பக்கம் பேசினாலும், காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உலகத்தில் ஒரு விஷயமாவது இருந்த இடத்தில் இருக்கும்.

அது நகர்ந்தபோது அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

புதிய மாடல் வந்திருந்தது. பழையதைவிடச் சின்னது, லேசானது. கூடவே ஒரு புதிய விதியும் வந்தது. கையில் பிடித்துப் பயன்படுத்துகிற பொருளை மேசைமேல் அசையாமல் நிறுத்தும் தாங்கியில் வைத்து மட்டும் சோதித்தால் போதாது, கையிலும் பிடித்துப் பார்க்க வேண்டும். நியாயமான விதிதான். கோட்டக்கா முதலில் தாங்கியில் வைத்துப் பார்த்தாள். பச்சை உட்கார்ந்தது. கையில் எடுத்தாள். அப்போதும் உட்கார்ந்தது. எண்ணைத் தாளில் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். பச்சை பூஜ்யம் ஏழில் இல்லை. புள்ளி ஒன்று ஐந்துக்கு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று எட்டு ஆனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பத் தாங்கியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி பூஜ்யம் ஏழுக்குத் திரும்பிவிட்டது.

இஞ்சினியரைக் கூப்பிட்டாள். அவர் அவளைவிட வயதில் இளையவர். மானியின் உள்வடிவத்தில் பாதி அவர் போட்டது. அதனால் குறை சொன்னால் முகம் சுண்டும், ஆனாலும் குறையைப் பார்க்காமல் போகிற ஆள் இல்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிப் பிடிச்சீங்க, காட்டுங்க அக்கா."

"இப்படித்தான். கட்டைவிரல் மேல பட்டன்ல. மத்த நாலு விரலும் அந்தப் பக்கம். உள்ளங்கை இந்தச் சுவர்ல."

"சரி, நானும் அதே மாதிரி பிடிக்கிறேன்." அவளைப் பார்த்துப் பார்த்து விரல் விரலாக வைத்தார். "இப்படித்தானே?"

"ஆமா. அப்படியே."

பச்சை அசையவில்லை. அவர் பேசினார், தும்மினார், வீட்டிலிருந்து வந்த போனை எடுத்து "வரேன்மா" என்றார். பூஜ்யம் ஏழு. அவள் கையில் கொடுத்தார். அவள் கையிலும் பூஜ்யம் ஏழாகவே நின்றது.

"பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல," என்று எழுந்து போனார்.

அவர் கதவைத் தாண்டவில்லை, அவள் எழுத ஆரம்பித்தாள், பச்சை கிளம்பிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் இதே கூத்துதான். சில மானிகள் நகர்ந்தன, சில நகரவில்லை. காலையில் நகராதது மத்தியானம் நகர்ந்தது. பேக்கிங்கில் டேப்பு என்று ஒருத்தி இருந்தாள். எப்போதும் மணிக்கட்டில் பிசின் டேப்பை வளையல் மாதிரி மாட்டியிருப்பதால் வந்த பெயர். கோட்டக்காவுக்கு நெருங்கியவள். அவளையும் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னாள். டேப்பு கையில் அது கம்மென்று இருந்தது.

"இது மானியாடி இல்ல மாமியாரா? நீ தொட்டா மட்டும் கோவிச்சுக்குது," என்றாள் டேப்பு.

"சிரிக்காத. நிஜமா நகருது."

"நான் இல்லைங்கல. உன் கண்ணுக்கு நகருது."

அந்த வார்த்தைதான் குத்தியது. ஏனென்றால் கொஞ்ச நாளாகவே கோட்டக்காவுக்குத் தன்மேல் சந்தேகம் இருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடினாள். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று நினைத்துக்கொண்டே இரண்டாம்முறை போட்டாள். இதெல்லாம் போதாதென்று திடீர் திடீரென்று உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்ததுபோல ஒரு சூடு கிளம்பும். கழுத்திலிருந்து ஏறி முகம் சிவந்து, முதுகு நனைந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிப் பின்னோடு குளிரும். போனில் தன் அக்காவிடம் சொன்னபோது அவள், "மாதவிலக்கு நிக்கிற வயசுடி. எனக்கும் இப்படித்தான். ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் தொறந்து வச்சுக்கிட்டு முன்னாடியே உட்கார்ந்துட்டேன், உங்க மாமா பால் எடுக்க வந்து பயந்துட்டாரு," என்றாள்.

"மூளையும் குழம்புமா?"

"என்னைக் கேட்டா? எனக்கு அதுக்கு முன்னாடியே அப்படித்தான்."

வீட்டில் மின்விசிறிக்காக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுவதும் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து உயிர் பிழைத்து வருகிறவர். பொறுமைக்காரர்தான். ஆனால் குளிர் ஆகாது. அன்று சாப்பாட்டு மேசையில் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் விசிறியை முழு வேகத்தில் வைத்திருந்தாள்.

"சோறு பறக்குது," என்றார்.

"புடிச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க."

"என்ன ஆச்சு உனக்கு? மூஞ்சி சரியில்ல."

அவள் சொன்னாள். தாங்கியில் வைத்தால் நிற்பது, கையில் எடுத்தால் நகர்வது, இஞ்சினியர் வந்தால் நிற்பது, போனால் நகர்வது. சொல்லச் சொல்ல அவளுக்கே கதை விடுவதுபோல இருந்தது.

"எங்கிட்டயும் ஒருத்தன் வரான்," என்றார் கணவர். "நான் பக்கத்துல இருந்தா அருமையா ஓட்டுறான். டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் ஏறினா வண்டி தானாவே சுவத்துல ஏறுது."

"அப்ப தப்பு அவன் மேலங்கிறீங்க."

"நான் எங்க சொன்னேன்? சுவத்து மேலயும் இருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் மேனேஜர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அறையில் இஞ்சினியரும் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் அம்மா கத்துகிற ரகம் இல்லை. குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும். தாழ்த்தித்தான் பேசினார்.

"நீங்க தள்ளி வச்ச பீஸ் எல்லாத்தையும் இவர் திரும்பப் பாத்துட்டார். எல்லாம் நல்லா இருக்கு. நீங்க பாத்தா மட்டும் தப்பு வருது. நான் என்ன நினைக்கணும், நீங்களே சொல்லுங்க."

"எனக்கும் தெரியலைங்க மேடம். ஆனா நகருது."

"உடம்புக்கு ஏதாச்சுமா?"

கோட்டக்கா இஞ்சினியர் பக்கம் பார்த்தாள். ஆண்பிள்ளை நிற்கும்போது எப்படிச் சொல்வது என்று தயங்கி, பிறகு வேலையா வெட்கமா என்று யோசித்து, "அப்பப்ப உடம்பு சுடுதுங்க. கையெல்லாம் கொதிக்கும். வயசுக் கோளாறு," என்றாள்.

மேனேஜர் அம்மாவுக்குப் புரிந்தது. முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அந்த இரக்கம்தான் ஆபத்தாக முடிந்தது. "அப்ப சரி. உங்களைக் குத்தம் சொல்லல. திங்கக்கிழமை ஒரு பொண்ணு வருது, சோதனை மேசைக்கு. நீங்க பேக்கிங்ல இருங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன். கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

ஓய்வு என்றால் டேப்பு பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டுவது. வெளியே வந்த கோட்டக்காவுக்கு அழுகை வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் விளங்கவில்லை. மேனேஜர் அம்மா நல்லபடியாகப் பேசிவிட்டார். இஞ்சினியர் பார்த்ததைச் சொன்னார். மானி தாங்கியில் ஒழுங்காக நிற்கிறது. மிச்சம் இருப்பது அவள் மட்டும்தான். ஒருவேளை நிஜமாகவே தன் கைதானோ? சூடுதான் காரணம் என்றால், சூடு இல்லாமல் செய்துவிட்டால் நாற்காலி மிஞ்சுமா?

வெள்ளிக்கிழமை அவள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். மேசைக்கு வந்து பாட்டிலை உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை மரத்துப் போனதும் மானியை எடுத்தாள். பூஜ்யம் ஏழு. மனசு லேசானது. எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தால், பூஜ்யம் ஒன்று. பிறகு எண் ஐந்நூற்று நாற்பத்தைந்துக்கே இறங்கிவிட்டது. பச்சை இந்தமுறை எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.

கோட்டக்கா மானியை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சூட்டுக்கு மேலே போனது, குளிருக்குக் கீழே போகிறது. இது தன் கண் பண்ணுகிற வேலையாக இருக்க முடியாது, கண் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லாது என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், சூடோ குளிரோ இரண்டும் தன் கையில்தானே இருக்கிறது, அப்படியென்றால் தப்பு கையில்தான் என்று உறுதியாகிவிட்டதே என்றும் தோன்றியது. பாட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டி மேசையில் ஓடி விளக்குப் பெட்டியின் வயரை நோக்கிப் போனது.

"அக்கா, தண்ணி, தண்ணி." அந்தப் பக்கமாகப் போன இஞ்சினியர் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கை எட்டாததால் சுற்றிக்கொண்டு அவள் பக்கமே வந்து துடைத்தார். "என்ன இது, சோதனை மேசையில பாட்டில் வச்சுக்கிட்டு?"

"கைய ஆறப் போட்டேன். இப்ப கீழ போகுது."

"என்னது?"

"பச்சை. சூடா இருந்தா மேல போச்சு, ஜில்லுன்னு இருந்தா கீழ போகுது. நீங்களே பாருங்க. நான் பேக்கிங் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டாவது அனுப்புங்க."

அவர் துணியைப் போட்டுவிட்டு அவளுக்கு இடப்பக்கம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஈரப் பாட்டிலைத் தானும் கொஞ்ச நேரம் பிடித்தார். ஆளுக்கொரு மானியை எடுத்து விளக்குக்கு நேரே நீட்டினார்கள். முழங்கையும் முழங்கையும் இடித்துக்கொண்டன.

"சாரி அக்கா." நகர்ந்து உட்கார்ந்தார். திரும்ப இடித்தது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க."

"நான் தள்ளித்தான் இருக்கேன். நீங்கதான்..."

பேச்சை நிறுத்திவிட்டு அவர் இரண்டு கைகளையும் பார்த்தார். அவர் வலது கையில் பிடித்திருந்தார். அவள் இடது கையில் பிடித்திருந்தாள். நடுவில் இரண்டு மானிகளும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"நீங்க எப்பவும் இந்தக் கையிலயா பிடிப்பீங்க?"

"வேற எந்தக் கையில பிடிக்கிறது? சோத்துக் கையில பேனா இருக்கே."

"அன்னிக்கு உங்களைப் பாத்துத்தானே நான் பிடிச்சேன். விரல் விரலா வச்சேனே."

"எதிர்ல உட்கார்ந்து பாத்தீங்க."

அவர் மேசையின் எதிர்ப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற ஆளைப் பார்த்துச் செய்வதுபோல அவள் இடது கையைத் தன் வலது கையால் நகல் எடுத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே மாதிரி பிடித்தோம் என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார்கள். தள்ளிவைத்த மானிகளை எல்லாம் அவர் அதே வலது கையில்தான் பிடித்துப் பார்த்திருந்தார். அவருக்கு எழுதுகிற வேலை இல்லையே. டேப்புவும் வந்து வலது கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனவள்தான். அன்று அவர் திருப்பிக் கொடுத்தபோது கோட்டக்காவும் வலது கையில்தான் வாங்கினாள், எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் மானி இடது கைக்கு மாறியது.

அவர் மானியை இடது கைக்கு மாற்றினார். பாட்டிலின் குளிர்ச்சி கையைவிட்டுப் போயிருந்தது. பச்சை அசையவில்லை.

"என் கைல எப்பவுமே சூடு இருக்காது, இந்த மேசை மாதிரிதான் இருக்கும்," என்றார். "வீட்டுல தொட்டா அலறுவாங்க. இருங்க."

வெளியே போய்க் கண்ணாடி டம்ளரில் சூடான டீ வாங்கி வந்து, டம்ளரை இடது கையில் சூடு பொறுக்கும்வரை பிடித்துவிட்டு மானியை எடுத்தார். பச்சை மெல்ல, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல, பூஜ்யம் ஒன்பதுக்கு வந்தது. ஒன்று இரண்டு. ஒன்று ஆறு. வலது கையாலும் டம்ளரைப் பிடித்து அதே மாதிரி செய்து பார்த்தார். அசைவில்லை.

பிறகு மானியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். ஒளியைப் பிரிக்கிற, கோடு கீறிய சின்னக் கண்ணாடித் துண்டு இடப்பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. மாடலைச் சின்னதாக்க அவர்தான் அங்கே தள்ளிவைத்திருந்தார். வலப்பக்கம் பேட்டரி, அதற்கு அடுத்து ஒரு தடுப்பு, அதனால் அந்தப் பக்கத்துச் சூடு கண்ணாடித் துண்டுக்குப் போகாது. உள்ளே வெப்பத்தை அளந்து எண்ணைச் சரிக்கட்டுகிற ஒரு பொட்டளவு சென்சாரும் இருந்தது. ஆனால் அது பின்னால், வாலில். அறை மொத்தமும் சூடானால் அதற்குத் தெரியும். இடது உள்ளங்கை ஒரு பக்கம் மட்டும் சூடாக்கினால் தெரியாது.

"அப்ப தப்பு என் கையில இல்ல?" என்றாள் கோட்டக்கா.

"உங்க கைதான் அக்கா காரணம்."

"என்னங்க இது, இப்பத்தான்..."

"கைதான் காரணம், தப்பு இதுல." மானியைத் தட்டினார். "இல்ல, ரெண்டும்தான். எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியல. என் கைக்கு இது நல்ல மானி. டம்ளர் பிடிச்ச பிறகுதான் கெட்டது. உங்க கைக்குப் பாதி நாள் கெட்டது. வாங்கறவன் கை எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு பேரும் மேனேஜர் அம்மாவிடம் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் அம்மா நடுவில் இரண்டுமுறை கையை உயர்த்தி நிறுத்தி, எது இடது எது வலது என்று தன் கைகளைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

"வாங்கறவங்களுக்கு வலது கையில பிடிங்கன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா?"

"எழுதறவங்க எல்லாரும் இடது கையிலதான் பிடிப்பாங்க மேடம்," என்றார் இஞ்சினியர்.

"அப்ப அனுப்பினது எல்லாம்?"

அவர் தரையைப் பார்த்தார். "அனுப்பினது கொஞ்சம்தான். திரும்ப வாங்கிடலாம். உள்ள இடப்பக்கமும் ஒரு தடுப்பு வைக்கணும். அதுக்கப்புறம் நகருதா இல்லையான்னு கண்டுபிடிக்க..." என்று கோட்டக்காவைப் பார்த்தார்.

மேனேஜர் அம்மா நாற்காலியில் சாய்ந்தார். "கை சுடாத ஆள் வேணும்னு ஒரு பொண்ணுக்கு வேலை குடுத்துட்டேன். இப்ப கை சுடுற ஆள்தான் வேணும்ங்கிறீங்க."

"அப்படித்தான் மேடம்."

"எப்பவும் சுடுமா?" என்று கோட்டக்காவிடம் கேட்டார்.

"சொல்லிட்டு வராதுங்க."

"சரி. வரும்போது வரட்டும். அந்தப் பொண்ணு தாங்கிச் சோதனையைப் பாக்கட்டும். கைச் சோதனை நீங்க. அதே இடத்துலயே உட்காருங்க."

பாராட்டா, பழியா, இரக்கமா, எது கிடைத்தது என்று கோட்டக்காவுக்குப் பிடிபடவில்லை. தன்னைத் தூக்கிப் போடப் போன அதே சூடுதான் பிடித்து நிறுத்தவும் செய்திருக்கிறது. இதற்காகச் சந்தோஷப்படலாமா, அந்த அவஸ்தை இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டுமா, அதுவும் தெரியவில்லை. டேப்பு மட்டும், "அப்ப நீ எனக்குப் பக்கத்துல வரமாட்டியா? நான் ஸ்டூலெல்லாம் துடைச்சு வச்சேனே," என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு எதிரே, பக்கத்தில் என்று செய்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஆக மொத்தம் தப்பு உன் மேலயா, மானி மேலயா?"

அவள் யோசித்தாள். "திங்கக்கிழமை நான் என் நாற்காலியிலதான் உட்காரப் போறேன்."

"நான் அதைக் கேக்கலையே."

"ஒரு வாரமா நான் கேட்டுக்கிட்டிருந்தது அந்த நாற்காலி மிஞ்சுமான்னுதான்," என்றாள். சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.